கை எடுக்காதவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறைத்துவைக்க வேண்டிய மனிதர் இல்லை அவர். ஆனால் அவர் இறந்த பிறகு அந்தப் பெயருக்குப் பின்னால் என்னென்ன ஒட்டவைத்தார்கள் என்று பார்த்தவள் நான். இன்னொரு தடவை அதைப் பொதுவில் எடுத்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. மேடையில் அறிவிப்பாளரே 'நம்ம கீபோர்டு அண்ணன்' என்றுதான் சொல்வார். எனக்கும் அதுவே போதும்.

அரியலூரில் வாடகை வீடு. சுற்று வட்டாரத் திருவிழாக்களுக்குப் போகும் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தார். சினிமாப் பாட்டுத்தான் வாசிக்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஆளுக்குப் பிடித்தது ராக். கறுப்புச் சட்டை, தோளைத் தொடும் நரைத்த முடி, கையில் ஒரு கயிறு கூடக் கிடையாது. எந்தப் பாட்டாக இருந்தாலும் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் தனக்கென்று கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்வார். பழைய ஆர்கன் சத்தத்தைப் போட்டு, அதைக் கரகரக்க வைத்து, அடிவயிற்றிலிருந்து ஒன்று வாசிப்பார். எங்கள் பக்கத்தில் அதற்கு 'உறுமல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பகலெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் கூட, "அண்ணே, அந்த உறுமல ஒருக்கா வையிங்கண்ணே!" என்று கத்துவார்கள். மைக்கைப் பிடித்து நிற்கும் பாடகருக்கு முகம் சுருங்கிப்போகும்.

எனக்குப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை. என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வெறும் இரைச்சல். "அந்த ஆளு வாசிக்கிறாரா, மெஷின் ரிப்பேரா?" என்பார். நான் கண்டுகொள்ள மாட்டேன். ஜெயங்கொண்டத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் செல்வம் என்பவர் 'உறுமல்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். அதில் ரொம்ப நாள் நான் ஒருத்திதான் பெண். எந்த ஊரில் கச்சேரி என்று அதில் செய்தி வந்தால், ப்ளவுசை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய இடது கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வலது கை எல்லா வேடிக்கையும் காட்டும். இடது கை கீபோர்டின் இடது ஓரத்தில் மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். என்ன நடந்தாலும் அந்தக் கையை எடுக்க மாட்டார். பாடகர் வரி மறந்து விழித்தாலும் சரி, டிரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் சரி, பாட்டு விழாமல் அந்தக் கை தாங்கிக்கொண்டிருக்கும்.

வரதராஜன்பேட்டையில் ஒரு சாயங்காலம் நடுப்பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. மைக் செட்காரர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கிட்டார்காரர் வேனுக்குள் போய்விட்டார். இவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார், இடது கை கட்டையில். பந்தல் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. அறிவிப்பாளர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "அண்ணே, ஷாக் அடிச்சுரும்ணே! கைய எடுங்கண்ணே!" என்று அலறுகிறார். அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கூட்டம் சேலைத் தலைப்பையும் நாற்காலியையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. எல்லாரும் விசிலடித்தார்கள். நானும் அடித்தேன். ஷாக் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

வாயால் 'சரி' என்றோ 'முடியாது' என்றோ அவர் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. கச்சேரி முடிந்ததும் யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து தோளில் கைபோட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்.

"இப்ப அரியலூருங்க."

"அது தெரியுது. பூர்வீகம்?"

அவர் சிரித்துக்கொண்டே ஏதாவது ஒரு ஒயரைச் சுருட்ட ஆரம்பிப்பார். எங்கள் பக்கத்தில் ஊர் கேட்பது ஊரைத் தெரிந்துகொள்ள இல்லை. அடுத்த கேள்வி என்ன என்று கேட்பவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஒயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்தப் பெரிய மனிதர் போகும்வரை சுருட்டுவார்.

உடையார்பாளையம் பக்கம் ஒரு கிராமம். அதன் பெயரையும் சொல்லமாட்டேன். அங்கே மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு பக்கம். இரண்டுக்கும் ஆகாது. அம்மன் கோயில் திருவிழா மட்டும் பொது. பாட்டுக் கச்சேரி என்றால் துண்டுச் சீட்டில் விருப்பப் பாட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதில்தான் வினை. சில பாட்டுகள் பாட்டு மட்டும் கிடையாது. மேலத்தெரு இளவட்டங்கள் தங்கள் தலைவர் பாட்டைப் போடச் சொல்லிச் சீட்டு அனுப்பின. அந்தப் பாட்டைப் போட்டால் கீழத்தெரு எழுந்திருக்கும். போடாவிட்டால் மேலத்தெரு எழுந்திருக்கும். அறிவிப்பாளர் சீட்டைப் படிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தேன். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

அப்போது அவர் உறுமலைப் போட்டார். பாட்டு ஒன்றும் இல்லை. இடது கையில் மூன்று கட்டை, சத்தம் முழுதாக. அதை விடவே இல்லை. தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தூக்கிய நாற்காலிகள் தூக்கியபடியே நின்றன. இருட்டும் நேரம், எங்கிருந்தோ ஒரு கல் வந்து அவர் நெற்றியில் பட்டது. புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து கட்டை மேல் சொட்டியது. வலது கையால் துடைத்துக்கொண்டார். இடது கை அப்படியே இருந்தது. பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது, திட்டினாலும் கேட்காது. எவ்வளவு நேரம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே நிற்பது? ஒருவன் இறக்கினான். அதைப் பார்த்து இன்னொருவன் இறக்கினான். எல்லாரும் உட்கார்ந்த பிறகு அவர் கண்ணைக் காட்ட, பாடகி ஒரு தாலாட்டைப் பாடினாள்.

பிறகு நான் மேடைப் பக்கம் போய், "ஏண்ணே, அடிபட்டும் எடுக்கலியே?" என்று அழுதேன்.

"கைய எடுத்தா அவனுவளுக்கு அவனுவ சத்தம்தாம்மா கேக்கும்" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கல் விழுந்தது ஊருக்கே அவமானமாகிவிட்டதால், மேலத்தெரு பெரியவர்கள் வந்து தங்கள் கொடி நிறத்தில் ஒரு சால்வை போர்த்தினார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இறங்கியதும் கீழத்தெருக்காரர்கள் ஏறித் தங்கள் நிறத்தில் ஒன்றைப் போர்த்தினார்கள். அதற்கும் போட்டோ. என்ன நிறங்கள் என்று சொன்னால் யார் யார் என்று சட்டெனக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இரண்டு பேரிடமும் அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் இரண்டு சால்வைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்தார். பஸ்ஸில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார், மேலே பலகையில் வைக்க மாட்டார். அதற்கு ஓர் உறை வேண்டும் என்றார்.

"வெளிய கறுப்புத் துணி. இது ரெண்டையும் மடிச்சு உள்ள மெத்தையா வச்சுத் தச்சிருங்கம்மா."

"எத மேல வக்கிறது, எத அடியில வக்கிறது?"

"கலந்து வச்சிருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டையும் எதுக்குண்ணே வாங்குனீங்க? வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"ஒண்ண வேணாம்னா இன்னொண்ணு வேணும்னு ஆயிடுமேம்மா."

"அப்ப ரெண்டையும் வேணாம்னு சொல்லணும். வாயத் தொறந்து சொல்லணும்."

அவர் என் நூல்கண்டுகளை எடுத்து வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். நான் தைத்துக் கொடுத்தேன். நல்ல தடிமனாக, அழகாக வந்தது. ஆனால் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரிடம் எனக்கு இருந்த ஒரே குறை அது.

வீட்டிலும் அப்படித்தான் என்று அண்ணி சொல்வார்கள். அண்ணி என்றால் அவர் மனைவி. சத்துணவுக் கூடத்தில் வேலை, கறாரான பேச்சு. "சண்ட போட்டா ஹெட்போன எடுத்து மாட்டிக்குவாரு. நான் செவுத்தோட கத்திக்கிட்டுக் கெடக்கணும்" என்பார்கள். ஆனால் அந்த வீட்டில் நான் பார்த்த ஒரு காட்சி மறக்கவே மறக்காது. அவர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவார். எங்கே கரகரப்பு என்று பார்க்க வேண்டும். "கொஞ்சம் புடி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அண்ணி அடுப்பில் குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதே மூன்று கட்டைகளை இடது கையால் அழுத்துவார்கள். அந்த ஒன்று மட்டும்தான் அவர்களுக்கு வாசிக்கத் தெரியும். "போதுமா? கொழம்பு அடிப்புடிக்குது!" என்று கத்துவார்கள். கொல்லையிலிருந்து பதிலே வராது. வேண்டுமென்றே வராதோ என்று எனக்குத் தோன்றும்.

கடைசிக் கச்சேரி அரியலூரிலேயே நடந்தது. காலையிலேயே "இடது கை கொடையுது" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று அண்ணி கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வழக்கம்போல ஹெட்போன். நான் அன்றைக்குப் போகவில்லை, கல்யாண ஆர்டர் இருந்தது. செல்வம் எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன். நடுப்பாட்டில் வலது கை நழுவி மடியில் விழுகிறது. முகம் வேர்த்துக் கொட்டுகிறது. இடது கை கட்டையில் அப்படியே இருக்கிறது. பாடகி திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். கூட்டம் உறுமல் என்று நினைத்து விசிலடிக்கிறது. பாட்டு முடிகிறவரை பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் சாய்ந்தார். வேனில் கொண்டுபோனார்கள். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றாராம் டாக்டர்.

அந்த வீடியோ குழு குழுவாகப் போனது. 'கடைசி மூச்சிலும் கை எடுக்காத கலைஞன்' என்று கீழே எழுதி, நெருப்புப் படம் போட்டிருந்தார்கள். துக்கத்துக்குப் போன இடத்தில் செல்வம் அதைப் பெருமையாக அண்ணியிடமே சொல்லிவிட்டார், "எங்கண்ணன் கடைசி வரைக்கும் கைய எடுக்கலீங்க அண்ணி" என்று.

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். "எடுத்திருக்கலாம்ல?" என்றார்கள். "நீங்க அத்தன பேரு முன்னாடி நின்னு விசிலடிச்சீங்க. ஒருத்தராவது மேடையேறி அந்தக் கையத் தூக்கி விட்டிருக்கலாம்ல?"

செல்வம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நினைவுக் கூட்டத்தை அரியலூரில் ஒரு மண்டபத்தில் வைக்கலாம் என்றுதான் பேச்சு. ஆனால் அந்தக் கிராமத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் ஊருக்காக ரத்தம் சிந்தியவர், எங்கள் ஊரில்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் கேட்டன. அவை ஒரே குரலில் பேசிய முதல் விஷயம் அது. செல்வம் உருகிப்போய் ஒப்புக்கொண்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் செல்வம் ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து போன் செய்தார். குரலே சரியில்லை. "அக்கா, நம்ம ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தேன். இங்க அண்ணனுக்கு ஏற்கெனவே ரெண்டு அடிச்சு வச்சிருக்காங்க."

"நல்லதுதான?"

"மேலத்தெரு ஒண்ணு, கீழத்தெரு ஒண்ணு. அன்னைக்கு எடுத்த போட்டோவப் போட்டிருக்கானுவ, சால்வையோட. பேருக்குப் பின்னால அவனவன் பட்டத்தப் போட்டு, 'எம் குலத்து இசைச் சிங்கம்'னு..."

நான் மெஷினிலிருந்து காலை எடுத்தேன். அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பூர்வீகம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒயரைச் சுருட்டிக் காட்டியவர். இரண்டு பேரும் அந்தச் சால்வையை வைத்தே முடிவுகட்டிவிட்டார்கள். நம்ம ஆளாக இல்லாவிட்டால் தலையைக் குனிந்து வாங்கியிருப்பாரா என்பதுதான் அவர்கள் கணக்கு. ஒரு சண்டையை நிறுத்தினாரே, அந்த மனிதர் பெயரிலேயே அதே இடத்தில் சண்டை வரப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதை மட்டும் நடக்க விடக்கூடாது என்று நினைத்தேன். கைப்பையில் என் சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். அன்றைக்கு ராத்திரி அதைத் தீட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வெயிலில் கூட்டம். மேடைக்கு இடப்பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ், வலப்பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ். இரண்டிலும் அதே சிரிப்பு, வேறு வேறு சால்வை. நடுவில் அவருடைய கீபோர்டு. குழுவினர் இரண்டு பாட்டு வாசிப்பதாக இருந்ததால் ஒயரெல்லாம் மாட்டி, மேலே நான் தைத்த கறுப்பு உறையைப் போர்த்தி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி முன்வரிசையில் என் பக்கத்தில், கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அறிவிப்பாளர் ஜாக்கிரதையாக, "நம்ம கீபோர்டு அண்ணன்" என்று ஆரம்பித்தார். மேலத்தெருப் பையன் ஒருவன் மேடையேறி மைக்கைப் பிடுங்கினான். "பேரச் சொல்லுங்க! முழுப் பேரச் சொல்லுங்க!" என்று கத்தி, அவர் பெயரைப் பட்டத்தோடு சொன்னான். வலப்பக்கத்திலிருந்து ஒரே இரைச்சல். "யார்ரா ஒங்காளு? எறங்குடா!" யாரோ ஃப்ளெக்ஸ் கட்டிய சவுக்குக் கம்பை உருவினார்கள். நாற்காலிகள் தலைக்கு மேல் போயின. போலீஸ்காரர்கள் டீ டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார்கள்.

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறிவிட்டேன். உறையைக் கிழித்து, இரண்டு சால்வையையும் உருவி, 'பாருங்கடா, ரெண்டையும் ஒண்ணாப் போட்டு மெத்தையாக்கி வச்சிருந்தாருடா' என்று இரண்டு பக்கத்து மூஞ்சியிலும் வீச வேண்டும். வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை. தையலில் முனையை நுழைத்தபோது பின்னாலிருந்து என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

அண்ணி. "பிரிக்காத" என்றார்கள். "அதப் பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து அவர அடிப்பாங்க."

உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைத் தள்ளிவிட்டு, மாலையைக் கழற்றி, உறையை மெதுவாக உருவி என் கையில் கொடுத்தார்கள். ஸ்விட்சைப் போட்டார்கள். சத்தத்தை முழுதாக வைத்தார்கள். இடது கையை மூன்று கட்டைகள் மேல் வைத்து அழுத்தினார்கள்.

உறுமல்.

மேடை அதிர்ந்தது. மரத்தில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பியது. கம்பைப் பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்த இடத்தில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண், தலையை நிமிர்த்தித் தங்களையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்கள். ஒருவரும் அசையவில்லை, ஆனால் ஒருவரும் எதையும் இறக்கவும் இல்லை. அண்ணி வலது கையால் இடது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தார்கள். நெற்றியில் வேர்வை பூத்தது. எனக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்துவிட்டது. இவர்களும் எடுக்காமலே நிற்கப் போகிறார்கள் என்று பயந்து, "அண்ணி, கைய எடுங்க அண்ணி" என்று பக்கத்தில் போய்க் கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அண்ணி கையை எடுத்தார்கள்.

சத்தம் சட்டென்று அறுந்ததும் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. ஒரு குழந்தை அழுவது மட்டும் கேட்டது. அண்ணி மைக் பக்கம் குனிந்தார்கள்.

"வலிக்குதுங்க" என்றார்கள். "இவ்ளோ நேரத்துக்கே எனக்கு வலிக்குது. அவருக்கும் வலிச்சிருக்கும், அவரு எடுக்கல. அதனால எனக்குப் புருசன் இல்ல. நான் எடுத்துட்டேன். நீங்களும் எடுங்க."

முன்னால் நின்ற ஒரு தடித்த ஆள் தன் தலைக்கு மேல் இருந்த நாற்காலியைப் பார்த்தான். அதை இறக்கி வைத்தான். பின்னால் இன்னொன்று இறங்கியது. மைக்கைப் பிடுங்கிய பையன் அதை அறிவிப்பாளரிடம் நீட்டிவிட்டு, படியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குதித்துப் போனான். பாட்டு எதுவும் வாசிக்காமலே கூட்டம் கலைந்தது.

யாரும் யாரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு ஃப்ளெக்ஸும் இன்னும் அங்கேதான் தொங்குகின்றன, வெயிலில் நிறம் மங்கி. அன்றைக்கு அவர் பெயரில் ஒரு தலை உடையவில்லை, அவ்வளவுதான்.

அரியலூர் பஸ்ஸில் கீபோர்டைக் குறுக்காக வைத்து, எங்கள் இரண்டு பேர் மடியிலும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மேலே பலகை காலியாகத்தான் இருந்தது. என் கத்தரிக்கோல் பட்ட இடத்தில் உறையின் தையல் கொஞ்சம் விட்டிருந்தது. உள்ளே இருந்து ஒரு நூல் எட்டிப் பார்த்தது. எந்தச் சால்வையின் நூல் என்று நான் பார்க்கவில்லை, விரலால் உள்ளே தள்ளிவிட்டேன். அண்ணி இடது கையை வலது கையால் நீவிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்கள். சிமெண்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே போயின.

திரும்பாமலே கேட்டார்கள்.

"நேரத்துலயே எடுத்துட்டேன்ல?"

"எடுத்துட்டீங்க, அண்ணி" என்றேன்.